அறை இலக்கம் இரண்டு

"அப்பா, இதில ஆர் எழுதினது?" என்று லிசா கேட்டாள்.

சனிக்கிழமை காலை. குசினியில் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் இரண்டு நேர அட்டவணைகள் ஒட்டியிருந்தன. மேலே இருந்தது தம்பி றொனால்டினுடையது. அதை அப்பா அல்பேர்ட் அடிமட்டம் வைத்து, பாடத்துக்கு ஒரு நிறமாக, இரண்டு நாள் மினக்கெட்டுக் கீறியிருந்தார். கீழே இருந்தது லிசாவினுடையது. அதை லிசாவே கீறியிருந்தாள். அதில் வியாழக்கிழமை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் 'உயிரியல்' என்று இருந்த கட்டத்தின் குறுக்கே, இப்போது நீலப் பேனாவால் 'பீலிக்ஸ் அண்ணை, கண் டொக்டர், 4.30' என்று எழுதியிருந்தது. எழுத்து அப்பாவினுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் கேட்டாள். சில கேள்விகள் பதிலுக்காகக் கேட்கப்படுவதில்லை.

"நான்தான்" என்றார் அல்பேர்ட், தேநீரை ஊதியபடி. "ஒரு மணித்தியால அலுவல். போயிட்டு வந்து படியன்."

"ஏலாது அப்பா. சோதனைக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு."

"நீ கெட்டிக்காரி பிள்ளை. உனக்கு அட்டவணை என்னத்துக்கு?"

இந்தக் 'கெட்டிக்காரி' என்ற பட்டம் லிசாவுக்கு எட்டு வயதில் கிடைத்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வைத்தியரிடம் போனபோது, 'மூன்று நாளாக' என்பதை ஜேர்மன் மொழியில் சொன்னதற்காகக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பதினொரு வருடமாக அவள் அந்தப் பட்டத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஜேர்மனியின் எசன் நகரத்தில் அவர்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சனத்தில் யாருக்கு அரசாங்கக் கந்தோரில் தெர்மின் என்கிற சந்திப்பு நேரம் வந்தாலும், யாருக்கு அரசாங்கம் தரும் பிள்ளைக் காசுக்கு விண்ணப்பம் நிரப்பவேண்டி வந்தாலும், முதலில் வருவது அல்பேர்டுக்குத் தொலைபேசி. அவர் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. "என்ர மோள் வருவாள், கூட்டிக்கொண்டு போங்கோ" என்பார். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடிப்பது என்று ஒரு பழமொழி இருக்கிறது. அல்பேர்டின் வீடு மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்க வீடு என்றாலும், அந்தப் பழமொழி அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

அவர் கெட்ட மனிதர் அல்ல. பாண் தொழிற்சாலையில் காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கி ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவார். அங்கே அவரை மதித்து யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தமிழர் மத்தியில்தான் நாலு பேர் "அல்பேர்ட் அண்ணை, ஒரு உதவி" என்று வந்து நின்றார்கள். அந்த நாலு பேரின் நன்றியில் அவர் ஒரு சுற்றுப் பருத்துப்போயிருந்தார். செலவானது மகளின் நேரம்.

றொனால்டும் இதே எசனில்தான் பிறந்தவன். லிசாவுக்கு மூன்று வயது இளமை. அவனுக்கும் ஜேர்மன் மொழி தண்ணீர்பட்ட பாடு. கனவுகூட அந்த மொழியில்தான் காண்பான். ஆனால் ஒருவரும் அவனைக் கூப்பிட்டதில்லை. "பொடியன் படிக்கட்டும்" என்பது வீட்டுச் சட்டம். அந்த வருடம், இரண்டாயிரத்து ஏழில், மாநிலம் முழுவதற்கும் முதன்முறையாக ஒரே வினாத்தாள் என்று அறிவித்திருந்தார்கள். அவனுக்குப் பத்தாம் வகுப்புச் சோதனை. அக்காவுக்கு அபிற்றூர், பல்கலைக்கழகத்துக்குப் போகிற கடைசிச் சோதனை. அல்பேர்ட் பயந்துபோய் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தினார், நிறப் பேனாக்கள் வாங்கினார், அட்டவணை கீறினார். எல்லாம் மகனுக்கு. மகள் கெட்டிக்காரி அல்லவா?

கெட்டிக்காரி மாசி மாதத்தில் உயிரியல் பரீட்சையில் பதினைந்து புள்ளிக்கு ஆறு எடுத்தாள். வழக்கமாகப் பன்னிரண்டு எடுக்கிறவள். அதற்கு முதல் நாள் பின்னேரம் முழுவதும் அவள் கோயிலுக்கு வரும் மரியமலர் அக்காவின் வீட்டு வாடகை விஷயமாக ஒரு கந்தோர் வாசலில் காத்திருந்தாள் என்பதை அல்பேர்ட் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு ஆறு வந்தால் மூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் படிக்கும் எண்ணத்தை அவள் மறந்துவிட வேண்டியதுதான். இதை அவள் அப்பாவிடம் ஏழு தடவை சொல்லியிருக்கிறாள். ஏழு தடவையும் அவர் அன்போடு தலையாட்டினார்.

அம்மா புஷ்பமலர் அடுப்படியில் நின்று வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவள். வாய் திறந்து அதிகம் பேசமாட்டாள். போன வருடம் ஒருநாள் மாலைநேர ஜேர்மன் வகுப்பு ஒன்றின் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து கணவனிடம் காட்டினாள். "லிசா இருக்கேக்க உமக்கு டொச்சு என்னத்துக்கு?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு அதை மிளகாய்த்தூள் போத்தலின் பின்னால் செருகி வைத்தாள். அது இன்னமும் அங்கேதான் இருந்தது.

அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்பச் செபம். யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பரீட்சை என்றால் சோதனை. ஆகவே, பரமண்டல மந்திரத்தில் 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்ற வரி வரும்போது அந்த வசந்த காலம் முழுவதும் அல்பேர்ட் குரலை உயர்த்தி, ஒரு கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். பரமபிதாவுக்கு விலாசம் தவறிவிடக் கூடாது என்ற கவலை. அன்றைக்கு லிசா அந்த வரியைச் சொல்லவில்லை. புஷ்பமலர் மட்டும் அதைக் கவனித்தாள்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து கோயில் வாசலில் கோப்பியும் கையுமாக நின்றபோது, மரியமலர் அக்கா மெதுவாக வந்து, வாடகை விஷயத்தில் இன்னொரு கடிதம் வந்திருக்கிறது, வருகிற புதன்கிழமை லிசாவை ஒருக்கா விடமுடியுமா என்று கேட்டாள். லிசா பக்கத்தில்தான் நின்றாள். ஆனாலும் கேள்வி அப்பாவிடம் போனது, பதிலும் அப்பாவிடமிருந்துதான் வந்தது. பக்கத்து வீட்டு ஏணியை இரவல் கேட்பதுபோல் கேட்டார்கள். ஏணியிடம் யார் கேட்பார்?

வீட்டுக்கு வந்ததும் லிசா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியின் முன்னால் இருந்தாள். முதலில் அழுதாள். பிறகு ஜேர்மன் மொழியில் எழுதினாள். பதினொரு வருடமாக மற்றவர்களின் கந்தோர்க் கடிதங்களை வாசித்தவளுக்கு அந்த நடை கைவந்த கலையாகியிருந்தது. மேலே, அனுப்புநர்: அறை இலக்கம் 2. அதற்குக் கீழே அவள் பிறந்த திகதியே கோப்பு இலக்கமாயிற்று. பெறுநர்: திரு. அல்பேர்ட். பொருள்: லிசா அல்பேர்டின் நேரத்தை மூன்றாம் ஆட்களுக்கு இரவல் கொடுத்தல். அடியில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். பொய்யாக ஒரு சொல்லும் இல்லை. முதலாம் இலக்கத்தை, அப்பா இருந்து தொலைக்காட்சி பார்க்கும் அறைக்கு என்று மரியாதையாக விட்டுவைத்திருந்தாள். மூன்றாம் இலக்கம் தம்பியின் அறைக்கு. அப்பா கடிதத்தைக் கண்டதும் சிரிப்பார் அல்லது ஏசுவார், எப்படியோ ஒருமுறை காது கொடுப்பார் என்பதே அவள் எண்ணம். மடித்து, ஜன்னல் வைத்த உறையில் போட்டு, அலுமாரியில் கிடந்த ஒரு முத்திரையை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டாள்.

அவள் ஒன்றை மறந்துபோனாள். ஜேர்மன் மொழியில் எந்தக் கடிதம் வந்தாலும் அந்த வீட்டில் அதை வாசிக்கிறவள் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு லிசா பள்ளிக்கூடத்தால் வந்தபோது அல்பேர்ட் குசினி மேசையில் காத்திருந்தார். தோய்த்து மடித்து வைத்திருந்த சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். கந்தோர்க் கடிதம் வந்தால் அவர் அப்படித்தான். உறைக்குள்ளே அதிகாரி யாராவது இருந்து பார்க்கிறார் என்பதுபோல. உறையை உடைக்கவுமில்லை. தானே உடைத்தால் ஏதாவது ஒரு பிரிவில் குற்றமாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு அகதியாக வந்த நாளிலிருந்து இருந்தது.

"கந்தோரிலயிருந்து கடிதம் வந்திருக்கு. என்ர பேருக்கு" என்றார். "ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை."

லிசா உறையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கை மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது. பகிடி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் அவர் ஆறுதலாக மூச்சு விடுவார். பிறகு புதன்கிழமை மரியமலர் அக்கா, வியாழக்கிழமை பீலிக்ஸ் மாமா. அவள் உறையைக் கிழித்தாள்.

"அறை இலக்கம் இரண்டிலயிருந்து வந்திருக்கு" என்றாள்.

அல்பேர்ட் தலையாட்டினார். எல்லாக் கந்தோரிலும் அறைகளுக்கு இலக்கம் இருக்கும். இரண்டு கொஞ்சம் பெரிய இடமாகத்தான் இருக்கவேண்டும்.

அவள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்து, வசனம் வசனமாகத் தமிழில் சொன்னாள். திரு. அல்பேர்ட் தம் மகளின் நேரத்தை அவளுடைய சம்மதமின்றிப் பிறருக்கு வழங்கி வருவது அறியப்பட்டுள்ளது. திங்கள் முதல் வெள்ளி வரை, நான்கிலிருந்து எட்டு மணி வரை, அந்த நேரம் சோதனைக்குப் படிக்கும் லிசாவுக்கு மட்டுமே உரியது. இது சோதனைகள் முடியும் வரை செல்லுபடியாகும். அவசரத் தேவையுள்ளோர் அறை இலக்கம் மூன்றில் இருப்பவரை அணுகலாம். அவருக்கும் இதே மொழி இதே அளவுக்குத் தெரியும். அடியில் யார் கையெழுத்து என்று அவர் கேட்கவில்லை; லிசாவின் பெயர் கடிதம் முழுக்க இருந்தது.

அல்பேர்டின் முகம் வெளிறிப்போனது.

"இதுக்கு ஆட்சேபணை எழுதலாமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"எழுதலாம் அப்பா. ஒரு மாதத்துக்குள்ள. டொச்சில எழுதவேணும்."

"ஆர் எழுதுறது?"

"நான்தான்" என்றாள் லிசா.

அவர் யோசித்தார். சட்டம் எல்லாப் பக்கத்தாலும் அடைத்திருந்தது. "அப்ப ஏலாது" என்று எழும்பினார். அடுப்படியில் நின்ற புஷ்பமலருக்கு என்னவோ இருமல் வந்தது. வெங்காயப் புகை என்றாள். அடுப்பில் வெங்காயம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்று பின்னேரமே கடிதம் குளிர்சாதனப்பெட்டியின் கதவில், றொனால்டின் அட்டவணைக்கும் மேலே ஏறியது. அல்பேர்ட் மரியமலர் அக்காவைக் கூப்பிட்டு, அரசாங்கம் தடை போட்டிருக்கிறது, மீறினால் என்ன நடக்கும் என்று எழுதாமலே விட்டிருக்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது என்றார். சோதனை முடியும் வரைக்கும் தன் கடிதத்துக்குத் தவணை கேட்பதாக மரியமலர் சொன்னாள். அவளும் பயந்துபோனாள். மகள் ஏழு தடவை வாயால் சொன்னது காற்றோடு போக, கடதாசி ஒரு தடவை சொன்னது கல்லில் எழுத்தாயிற்று. லிசாவுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

வியாழக்கிழமை பீலிக்ஸ் அண்ணை வந்தார். எழுபதை எட்டும் தனி மனிதர். அல்பேர்ட் அவரைக் கடிதத்தின் முன்னால் நிறுத்திக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஒரு வரியும் விளங்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் மரியாதையாக நின்று பார்த்தார்கள். றொனால்டைக் கேட்கலாம் என்று அல்பேர்டுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மகனின் அட்டவணையில் அந்த நேரம் சிவப்பு நிறத்தில் 'கணிதம்' என்று இருந்தது. தாமே கீறிய கட்டத்தைத் தாமே அழிக்க மனம் வரவில்லை. ஆகவே இரண்டு பெரிய மனிதர்களும் தாங்களே கண் டொக்டரிடம் புறப்பட்டார்கள்.

அங்கே சுவரில் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். பீலிக்ஸ் அண்ணை ஊரில் ஆங்கிலம் படித்தவர். பதற்றத்தில் அவருக்கு அதுதான் வாயில் வந்தது. ஆங்கிலத்தில் 'ஈ' என்கிற எழுத்துக்கு ஜேர்மன்காரர் 'ஏ' என்பார்கள். ஆங்கிலத்தில் 'ஏ' என்பது இவர்களுக்கு 'ஆ'. அவர் எல்லா எழுத்தையும் சரியாகக் கண்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். டொக்டர் கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் பார்த்தார். பீலிக்ஸ் அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை; கடைசிவரை தெளிவான குரலில் பிழையாகவே வாசித்தார். அல்பேர்ட் பக்கத்தில் நின்று, நல்லாக வாசிக்கிறார் என்று தலையாட்டினார். பார்வை பெரும்பாலும் போய்விட்டது, மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று கையால் சைகை காட்டிச் சொல்லி, ஒரு பெரிய கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆறு மணிக்கு இருவரும் குசினியில் வந்து குந்தினார்கள். பீலிக்ஸ் அண்ணை அழாக்குறையாக இருந்தார். அல்பேர்ட் மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"பார் பிள்ளை, நீ வராமல் விட்டதால அந்த மனிசனைக் குருடன் எண்டு எழுதிப்போட்டாங்கள்."

இது அம்பு. சரியான இடத்தில்தான் பட்டது. லிசா தானாகவே எழும்பிக் கதவைத் திறந்தாள். பீலிக்ஸ் மாமா அவளுக்குச் சின்ன வயதில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பொம்மை வாங்கித் தந்தவர். கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். விஷயம் உடனே விளங்கிவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்பு, இன்னொரு தெர்மின், மீண்டும் ஒரு பின்னேரம். மேசையில் உயிரியல் புத்தகம் விரித்தபடி கிடந்தது.

"பீலிக்ஸ் மாமா, உங்கட கண் நல்லா இருக்கு. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அறை இலக்கம் மூண்டு எண்டு கடிதத்தில கிடக்கெல்லே, அப்பா." அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அல்பேர்ட் குளிர்சாதனப்பெட்டியில் தொங்கிய கடிதத்தைப் பார்த்தார். மூன்று என்ற இலக்கம் அவருக்கும் தெரிந்தது; இதே மொழி இதே அளவுக்குத் தெரிந்த இன்னொருவன் வீட்டிலேயே இருந்தான். கடைசியில் நிறப் பேனாப் பெட்டியைத் திறந்து, றொனால்டின் அட்டவணையில் வெள்ளிக்கிழமைச் சிவப்புக் கட்டத்தின் குறுக்கே, முதன்முறையாக, நீலத்தில் எழுதினார்: 'பீலிக்ஸ் அண்ணை.'

றொனால்ட் போனான். அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் சரிபண்ணிக்கொண்டு வந்தான். சிரித்துச் சிரித்து வயிறு நொந்து வந்தான் என்பதே சரி. "பொடியனுக்கும் டொச்சு தெரியுமோ?" என்று பீலிக்ஸ் அண்ணை கண்ணை விரித்துக் கேட்டார். பதினாறு வருடமாக எசனில் வளர்ந்த பையனைப் பற்றி அவர் கண்டுபிடித்த செய்தி ஞாயிறு பூசைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு றொனால்டுக்கும் தெர்மின்கள் வரத் தொடங்கின. அவனையாவது நேரே கேட்டார்கள். ஆண்பிள்ளை ஏணி அல்லவே.

லிசா உயிரியலில் பதின்மூன்று எடுத்தாள். றொனால்டும் தேறினான், அழிந்த ஒரு சிவப்புக் கட்டத்தால் குடி முழுகிவிடவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் மூன்ஸ்ரரிலிருந்து ஜன்னல் வைத்த உறையில் உண்மையான கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அல்பேர்ட் தோய்த்த சட்டையோடு அழுதார். கோயில் வாசலில் எல்லோருக்கும் கண்டோஸ் சொக்கலேற் கொடுத்தார். "எல்லாம் அந்தக் கந்தோரால வந்தது. அவங்கள் மட்டும் கண்டிப்பாச் சொல்லாமல் விட்டிருந்தால் பிள்ளையின்ர படிப்பு போயிருக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பதின்மூன்று வருடம் படித்தவளின் பெயர் அந்த வசனத்தில் எங்கும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, அறை இலக்கம் இரண்டுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார். நல்ல டொச்சில், மரியாதையாக.

"எழுதுறன் அப்பா" என்றாள் லிசா.

அவர் முன்னறைக்குத் தொலைக்காட்சி பார்க்கப் போனார். புஷ்பமலர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "கந்தோர்க்காரர் பூப்போட்ட முத்திரை ஒட்டுவினமே, பிள்ளை?" என்று கேட்டாள்.

லிசா திரும்பிப் பார்த்தாள்.

"நத்தார் வாழ்த்துக் காட்டுக்கு எண்டு நான் வாங்கி வைச்ச முத்திரை அது" என்றாள் அம்மா. "பிறகு நீ வாசிக்கேக்க எட்டிப் பாத்தன். அனுப்பினவரின்ர இடத்தில வெறும் சிம்மர் எண்டு எழுதிக் கிடந்தது. எனக்கு டொச்சு தெரியாதுதான். ஆனால் நான் ஒரு நாளைக்கு இருபத்தினாலு சிம்மர் துடைக்கிறன். ஒவ்வொரு கதவிலயும் அந்தச் சொல்லுத்தான் கிடக்கு."

அவள் கையைத் துடைத்தாள். மிளகாய்த்தூள் போத்தலை நகர்த்தி, பின்னால் செருகியிருந்த துண்டுப்பிரசுரத்தை எடுத்தாள். மஞ்சள்பட்டு, ஒரு மூலையில் எண்ணெய் ஊறியிருந்தது. மாலைநேர ஜேர்மன் வகுப்பு, செவ்வாயும் வியாழனும், ஆறிலிருந்து எட்டரை வரை, முடிவில் ஒரு சோதனை.

"போன வருசத்துத் துண்டு. இந்தப் புரட்டாசியிலயும் தொடங்குதாம், விசாரிச்சிட்டன்" என்றாள். "நீ மூன்ஸ்ரருக்குப் போக முன்னம் எனக்கும் ஒரு கடிதம் எடுத்துத் தா, பிள்ளை. அந்த ரெண்டு நாளும் நான் சமைக்க ஏலாது எண்டு கிடக்கவேணும். வாசிச்சுச் சொல்லத் தம்பி இருக்கிறான்."

லிசாவுக்குக் கண் கலங்கியது. அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மடிக்கணினியைக் குசினி மேசையிலேயே வைத்துத் திறந்தாள். அனுப்புநர் என்று அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"குசினிக்கு இலக்கம் இல்லையே, அம்மா."

"ஒண்டு எண்டு போடு."

லிசா போட்டாள். முன்னறையில் அப்பா ஏதோ பகிடிக்கு உரக்கச் சிரிப்பது கேட்டது. அவருடைய சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"இதைத் தமிழிலயே எழுதுவமே, அம்மா? அவரே வாசிக்கலாம்."

"வேண்டாம்" என்றாள் புஷ்பமலர். "தமிழில நான் இருபது வருசமாச் சொல்லிப் பாத்திட்டன்."